அப்பாவோட பழைய கார்: துருவுக்கும் வயரிங்குக்கும் எவ்வளவு பட்ஜெட் போடலாம்?

போன மாசம் ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர். சென்னையில ஐடி கம்பெனி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 46,000. அப்பா போன வருஷம் தவறிட்டார். அவர் ஓட்டின 2003 மாடல் மாருதி 800 வீட்டு வாசல்ல தார்ப்பாய் போட்டு நிக்குது. "அண்ணா, 3 லட்சம் பெர்சனல் லோன் எடுத்து அதைப் புதுசு மாதிரி ஆக்கிடலாமா? விற்க மனசு வரலை" என்று கேட்டிருந்தார்.

"பழைய காருக்கு லோனா? வேண்டாம், வித்துடு" என்று ஒரு வரியில பதில் சொல்லியிருக்கலாம். என்னால முடியலை. ஏன்னா எங்க வீட்லயும் ஒரு கதை இருக்கு. பாலவனத்தத்துல எங்க அப்பாவோட 1993 மாடல் டீசல் அம்பாசடர் இன்னும் ஓடிட்டிருக்கு. சிஏ படிச்ச நானே அதுல 56,000 ரூபாயை வீணாக்கியிருக்கேன். எப்படின்னு சொல்றேன்.

"நம்ம ஊரு காய்ஞ்ச பூமி, துரு ஏறாது"

பழைய கார் வாங்குறவங்க சொல்ற முதல் வசனம் இதுதான். பாதி உண்மை. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணியும் ஆக்சிஜனும் வேணும். உப்பு சேர்ந்தா வேகம் கூடும். காத்துல ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினா துரு வேகமெடுக்கும். அதனால தூத்துக்குடியில, சென்னையில நின்ன காரை விட நம்ம பக்கத்துக் கார் பொதுவா நல்லாத்தான் இருக்கும்.

ஆனா மீதிப் பாதி? எங்க வீட்ல போர் தண்ணி உப்பு. அதுல வாரா வாரம் காரைக் கழுவினோம். தண்ணி காய்ஞ்சிடும், உப்பு தங்கிடும். அடுத்தது கரிசல் மண். மழைக்காலத்துல சக்கரம் வாரி அடிக்கிற கரிசல், கதவுக்குக் கீழே, வீல் ஆர்ச் உள்ளே போய் ஒட்டிக்கும். கதவு அடியில தண்ணி வடியறதுக்குச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அதையும் அடைச்சிடும். ஊரே காய்ஞ்சு கிடக்கும்போது அந்தத் தகட்டுக்குள்ள மட்டும் ஈரம் நிக்கும். மூணாவது, வேப்பமரத்தடியில தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில அந்தத் தார்ப்பாய்க்குள்ள புழுக்கம்தான்.

இன்னொண்ணு கவனிங்க. துரு உள்ளேயிருந்து வெளியே வருது. துரு ஆனா அது இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனாலதான் பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்புது. நீங்க வெளியில கொப்புளம் பார்க்கும்போது உள்ளே தகடு ஏற்கெனவே இத்துப் போயிருக்கும்.

நான் என்ன பண்ணேன்? 2019 பொங்கலுக்கு முன்னாடி கொப்புளத்தைப் பார்த்து 45,000 கொடுத்து ஃபுல் பெயிண்ட் அடிச்சேன். பட்டி வெச்சு மூடி, பளபளன்னு வந்துச்சு. 14 மாசத்துல அதே இடத்துல மறுபடி உப்பிடுச்சு. டிங்கர் அண்ணாச்சி பழைய பட்டியைச் சுத்தியலால தட்டினார், பொலபொலன்னு கொட்டிடுச்சு. உள்ளே தகடே இல்லை. "பெயிண்ட்டுக்கு மேல பெயிண்ட் அடிச்சா தகடு வளருமா?" என்று கேட்டார். பதில் இல்லை.

கரன்ட் பிரச்சினையும் துருதான்

இதைப் புரிஞ்சுக்கிட்டா பழைய காரோட பாதிச் செலவு குறையும். வீட்ல கரன்ட் வர ஒரு வயர், திரும்பிப் போக ஒரு வயர். கார்ல திரும்பிப் போற வயர் பெரும்பாலும் கிடையாது. காரோட பாடிதான் அந்த வயர். பேட்டரி மைனஸை பாடியிலயும் இன்ஜின்லயும் கட்டியிருப்பாங்க. அதுதான் எர்த். அந்த எர்த் போல்ட் துருப்பிடிச்சா கரன்ட் திரும்ப வழி இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. செல்ஃப் மோட்டார் இழுக்கிறது 100 ஆம்பியருக்கு மேல. துருவால எர்த்ல வெறும் 0.05 ஓம் தடை வந்தாலே 100 × 0.05 = 5 வோல்ட் அங்கேயே போயிடும். 12 வோல்ட்ல மிச்சம் 7. செல்ஃப் "டக்"னு சொல்லிட்டு நின்னுடும். நாம என்ன சொல்வோம்? "பேட்டரி வீக்."

நானும் அதைத்தான் சொன்னேன். இரண்டு வருஷத்துல இரண்டு பேட்டரி, ஒவ்வொண்ணும் 5,500. கடைசியில குறை எங்கே? இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டை. அதை மாத்தி, போல்ட் இடத்தைத் தேய்ச்சு சுத்தம் பண்ண மொத்தம் 400 ரூபா.

ஹெட்லைட் மங்கலா எரியறதும் இதே கதை. ஹாலஜன் பல்புக்கு வர்ற வோல்ட் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைஞ்சிடும். திருச்சுழி ரோட்ல ராத்திரி எதிர்ல மாட்டு வண்டி வந்தா அந்த 30 சதவீதத்தோட அர்த்தம் தெரியும்.

அப்புறம் ஃப்யூஸ். பழைய மாடல்கள்ல ஃப்யூஸ் எண்ணிக்கை ரொம்பக் கம்மி. ஒரே ஃப்யூஸ்ல பல லைன் ஓடும். ஹெட்லைட் கரன்ட் ரிலே இல்லாம நேரா சுவிட்ச் வழியாப் போகும். எங்க கார்ல ஃப்யூஸ் அடிக்கடி போகுதுன்னு அப்பா ஒரு தாமிரக் கம்பியைச் சுத்தி வெச்சுட்டார். நம்ம வீடுகள்ல எல்லாரும் பண்றதுதான். ஒரு ராத்திரி அம்மாவைக் கூட்டிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தோம். டேஷ்போர்டு அடியில பிளாஸ்டிக் கருகுற வாசம், அப்புறம் புகை. அப்பா வண்டியை ஓரங்கட்டி பேட்டரி வயரைப் பிடுங்கிட்டார். தீ பிடிக்கலை. அம்மா ரோட்டோரமா உட்கார்ந்திருந்தாங்க, கை நடுங்கிட்டே. ஃப்யூஸோட வேலையே தான் உருகி வயரைக் காப்பாத்துறது. கம்பி வெச்சா வயர்தான் உருகும்.

அதுக்கப்புறம்தான் முறையா வேலை பார்த்தோம். தரைத் தகடும் கதவுக்குக் கீழ் பாகமும் வெட்டி வெல்டிங்: 38,000. வயரிங் முழுக்க மாத்தி, ரிலே, புது ஃப்யூஸ் பாக்ஸ்: 14,000. மொத்தம் 52,000. அதுக்கு முன்னாடி வீணாப் போனது? பெயிண்ட் 45,000 + பேட்டரி 11,000 = 56,000. நோயைப் பார்க்காம அறிகுறிக்குச் செலவு பண்ணினா இதுதான் நடக்கும்.

இன்ஷூரன்ஸ் என்ன கொடுக்கும்?

"ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கே" என்பீங்க. பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியைப் படிங்க. தேய்மானம், இயல்பான பழுது, மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன், இதுக்கெல்லாம் பணம் கிடையாதுன்னு தெளிவா இருக்கும். அதாவது பழைய காரோட இரண்டு பெரிய செலவுகளான துருவும் வயரிங்கும் உங்க பாக்கெட்லயிருந்துதான் போகும்.

ஷார்ட் ஆகி கார் தீப்பிடிச்சா? சொந்த சேதத்துக்குக் கவர் இருந்தா தீவிபத்துக்கு இழப்பீடு உண்டு. பலர் பழைய காருக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் போடுறாங்க. அதுல உங்க கார் எரிஞ்சா ஒரு பைசா வராது.

சொந்த சேதம் போட்டாலும் இரண்டு விஷயம். 10 வருஷம் தாண்டின காருக்கு உலோகப் பாகங்கள்ல 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுத்தான் தருவாங்க. அடுத்தது ஐடிவி. 5 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு ஐடிவி நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்தைத் தாண்டினா முழு இழப்புன்னு கணக்கு. ஐடிவி 60,000 என்றால் 45,000 ரூபா தாண்டின அடி பட்டாலே கார் 'டோட்டல் லாஸ்'. நீங்க அதுல 3 லட்சம் போட்டிருந்தாலும் சரி. அதனால வேலை முடிஞ்சதும் பில்லையும் போட்டோவையும் காட்டி, மதிப்பீடு செஞ்சு ஐடிவியை உயர்த்தக் கேளுங்க.

தம்பிக்கு முதல்ல சொன்னது

மெயிலைப் படிச்சதும் நான் கேட்ட முதல் கேள்வி துருவைப் பத்தி இல்லை. "ஆர்சி யார் பேர்ல இருக்கு?" இன்னும் அப்பா பேர்லதான்.

சட்டப்படி உரிமையாளர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தகவல் சொல்லணும். 3 மாசத்துக்குள்ள படிவம் 31-ல பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். இன்ஷூரன்ஸும் அப்படித்தான். பாலிசி, இறந்த தேதியிலிருந்து 3 மாசம் வரைக்கும், அல்லது பாலிசி முடியற தேதி வரைக்கும், எது முதல்ல வருதோ அதுவரைதான். தம்பி பொங்கலுக்கு அந்தக் காரைத் தெருவுல ஓட்டிப் பார்த்தேன்னு எழுதியிருந்தார். யார் மேலயாவது பட்டிருந்தா இழப்பீடு முழுக்க அவர் தலையில விழுந்திருக்கலாம். லோனுக்கு முன்னாடி பேர் மாத்துங்க.

அடுத்து கவர்மென்ட் செலவு. சொந்தக் கார் பதிவு 15 வருஷம். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி காட்டிப் புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. தம்பியோட காருக்கு அடுத்த புதுப்பித்தல் 2028. தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022 ஜூன்ல அறிவிச்ச கட்டணப்படி 1,000 சிசிக்குள்ள 2,094, 1,500 சிசி வரைக்கும் 3,416, வருஷத்துக்கு, ஜிஎஸ்டி தனி.

இப்ப லோன் கணக்கு. 3 லட்சம், 14 சதவீத வட்டி, 3 வருஷம்: இஎம்ஐ சுமார் 10,250. மொத்த வட்டி சுமார் 69,000. இதே 10,250-ஐ மாசா மாசம் 6.5 சதவீத ஆர்டியில போட்டா 28 மாசத்துல 3 லட்சம் தாண்டிடும். 8 மாசம் முன்னாடியே, கடன் இல்லாம. துருவும் ஒரே நாள்ல கார் முழுக்கத் தின்னுடாது. தார்ப்பாயை எடுத்து, நிழல்ல காத்தோட்டமா நிறுத்தி, நல்ல தண்ணில அடிப்பாகத்தைக் கழுவினா காத்திருக்கும்.

முதல் செலவு: 1,000 ரூபாய்க்குள்ள

ஒரு காந்தம் எடுங்க, மெல்லிய துணியைச் சுத்துங்க. கதவுக்குக் கீழே, வீல் ஆர்ச், டிக்கி ஓரம் எல்லாம் வெச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்துல தகடு இல்லை, பட்டி இருக்கு.

மேட்டைத் தூக்கித் தரையைப் பாருங்க. ஈரம், ஓட்டை, புது வெல்டிங் தெரியுதா?

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. இன்ஜின் ஓடாதப்போ நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஆல்டர்நேட்டர் உள்ள காருக்கு ஓடும்போது 13.8 முதல் 14.4 வரைக்கும். அப்புறம் ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை இன்ஜின் இரும்புலயும் வெச்சு, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லை. பேட்டரி கடைக்குப் போகாதீங்க.

ஃப்யூஸ் பாக்ஸைத் திறங்க. கம்பி சுத்தியிருந்தா இன்னைக்கே மாத்துங்க.

புதுசா ஒரு பழைய கார் வாங்கப் போறீங்கன்னா, சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. சேறு இருந்தா அது வெள்ளத்துல நின்ன கார். 2015 டிசம்பர் சென்னை, 2023 டிசம்பர் சென்னையும் தூத்துக்குடியும், இந்த வெள்ளங்கள்ல நின்ன கார்களோட வயரிங் உள்ளுக்குள்ள மெதுவாப் பச்சை பூக்கும். விலை பாதின்னாலும் வேண்டாம்.

வேலை வரிசை மறக்காதீங்க: முதல்ல எர்த், ஃப்யூஸ், வயரிங். ரெண்டாவது தரைத் தகடு, வெல்டிங். கடைசியா பெயிண்ட். பணம் தீர்ந்துட்டா பெயிண்ட் இல்லாம ஓட்டலாம். தரை இல்லாம ஓட்ட முடியாது.

வைக்கணுமா, விற்கணுமா?

ஒரு கேள்விதான். இந்தக் கார் இல்லாமலே உங்க 6 மாசச் செலவுக்கு அவசர நிதியும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் இருக்கா? இருந்தா, மாசம் 3,000 ரூபா "கார் கணக்கு"ன்னு தனியா ஒதுக்குங்க. அதுக்குள்ள வர்ற வேலையை மட்டும் பாருங்க. இது முதலீடு இல்லை, பாசத்துக்கான செலவு. தப்பே இல்லை, ஆனா செலவுன்னு எழுதி வெச்சுச் செய்யுங்க. ஏற்கெனவே போட்ட காசுக்காக இன்னும் போடாதீங்க. இல்லேன்னா, விற்கிறதுல குற்ற உணர்ச்சி வேண்டாம். சொந்த உபயோகக் காரை வித்தா மூலதன ஆதாய வரியும் கிடையாது. நஷ்டத்தைக் கழிச்சுக்கவும் முடியாது.

தம்பி லோன் எடுக்கலை. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிச்சிருக்கார். காந்தம் வெச்சுப் பார்த்ததுல டிரைவர் பக்கத் தரை மட்டும்தான் போயிருக்குன்னு போட்டோ அனுப்பினார். வெல்டிங் 9,000 கேட்டிருக்காங்களாம். அவர் நினைச்ச 3 லட்சம் எங்கே, இந்த 9,000 எங்கே!

எங்க அம்பாசடரோட உற்பத்தியே 2014-ல உத்தர்பாராவுல நின்னுபோச்சு. அப்பா இன்னும் சாயங்காலம் அதுல அருப்புக்கோட்டை போய் டீ குடிச்சிட்டு வர்றார். அம்மா ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்பாங்க: "ஃப்யூஸ்ல கம்பி இல்லையே?" அப்பா சிரிக்க மாட்டார். திறந்து காட்டிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

மல்டிமீட்டர் டெஸ்ட்டை அடுத்த வீடியோல அப்பா கார்லயே செஞ்சு காட்டுறேன். பார்த்துட்டு உங்க வீட்டுக் கார்லயும் செஞ்சு பாருங்க.