அசைவே மூட்டுக்கு உணவு

முழங்கால் வலி தொடங்கியதும் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படும் அறிவுரை, “நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்பதே. அக்கறையுடன் சொல்லப்பட்டாலும், மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் நன்மை தருவதில்லை.

காரணம் மூட்டின் அமைப்பிலேயே உள்ளது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் சுரக்கும் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. காலை ஊன்றும்போது, பஞ்சைப் பிழிவதுபோலக் குருத்தெலும்பிலிருந்து திரவம் வெளியேறுகிறது. காலைத் தூக்கும்போது மீண்டும் உள்ளே செல்கிறது. அசைவு குறைந்தால் இந்த ஊட்டமும் குறையும். தொடைத் தசைகளும் மெலியும். அவை தாங்க வேண்டிய சுமையும் மூட்டின்மேல் விழும். வலி கூடும், நடை மேலும் குறையும்.

இச்சுழலை உடைக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி 5 விநாடிகள் நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை செய்யுங்கள். இத்துடன் சமதளத்தில் நடைப்பயிற்சியும் தேவை. பயிற்சிக்குப் பின் தோன்றும் இலேசான வலி மறுநாளுக்குள் அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை; நீடித்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். வலி மிகுந்த நாட்களில் தரையில் சம்மணமிடுவதையும் குந்தி அமர்வதையும் தவிர்ப்பது நல்லது.

உடல் எடையிலும் கவனம் வேண்டும். எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

எலும்பின் கணக்கு, சேமிப்புக் கணக்கைப் போன்றது. ஏறத்தாழ 30 வயது வரை வரவு மிகுதி. பின்னர் செலவே மிகுதி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இச்செலவு விரைவாகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேலும், 200 மில்லிலிட்டர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேலும் அது கிடைக்கிறது. அதனை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும்.

வலி மாத்திரைகளைத் தாமாகவே தொடர்ந்து உட்கொள்வது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். உள்ளடக்கம் குறிப்பிடப்படாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்; அது எலும்பையே மெலியச் செய்யும். மூட்டு சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, காலையில் மூட்டு இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரைத் தாமதமின்றி அணுகுங்கள். பிந்தையது முடக்குவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

இவை எதுவும் பயன் தராதபோதே அறுவை சிகிச்சையை எண்ண வேண்டும். செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டு மாதம் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை விதித்தது. எனவே, மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் மூட்டின் விலையைத் தனியே குறிப்பிடக் கேளுங்கள். பல காப்பீட்டுத் திட்டங்களில் இச்சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. உங்கள் பத்திரத்தில் அது எத்தனை மாதங்கள் என்பதை வலி வருவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.