மடக்கும் இடைவெளியும்

செய்யுளணிகளுள் மடக்கு என்பது ஒன்று. முன் வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது அது. கணினி நிரலிலும் மடக்கு உண்டு. அங்கே ஒரு கட்டளையே மீண்டும் மீண்டும் வந்து, ஒவ்வொரு முறையும் வேறொரு தரவின்மேற் செல்லும். அவ்வாறு மீளுதல் எத்துணை விரைவில் நிகழலாம் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

ஆய்வுக்குரிய குறிப்புகளை இணையத்துப் பொதுத் தொகுப்புகளினின்றும் நிரல்வழித் திரட்டுவோர் இன்று பலர். 1991-இல் தோன்றிய ஆர்க்கைவ் என்னும் ஆய்வுக்கட்டுரைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். நிரல்வழி வேண்டுவோர் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பையே கொள்ளவேண்டும். 3 நொடிக்கு ஒரு வேண்டுகோளுக்கு மேல் விடுத்தலாகாது. இஃது அதன் விதி. ஒருவர் அளவு மீறின் ஏனையோர் பணி தடைப்படும் ஆகலின், இவ்விதி வேண்டப்படுவதாயிற்று.

இதனைக் காக்க, மடக்கின் இறுதியில் 'ஸ்லீப்' என்னும் கட்டளையால் 3 நொடி நிறுத்துவோர் உளர். அது விதிக்கு மாறன்று. ஆயினும் காலம் வீணாகும். விடை வந்துசேர 1.2 நொடி ஆகுமெனின், ஒரு சுற்றுக்கு 4.2 நொடி செல்லும். 1000 வேண்டுகோளுக்கு 70 நிமிடம் ஆகும். வேண்டுகோள் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, எஞ்சிய 1.8 நொடி மட்டும் காத்திருப்பின் 50 நிமிடமே அமையும். ஒரு விடை 3 நொடிக்கு மேல் தாழ்ப்பின் மேலும் காத்திருத்தல் வேண்டா. ஆனால், இழந்த காலத்தை ஈடுசெய்யக் கருதி அடுத்தவற்றை நெருக்கி விடுத்தல் கூடாது.

அளவு மீறியவழி வழங்கி மறுப்புக் கூறுதற்கென 429 என்னும் குறியெண் 2012-இல் வரையறுக்கப்பட்டது. எத்துணைப் பொழுது கழித்து மீளவேண்டும் என்பதும் சிலபோது உடன் குறிக்கப்பெறும். குறிக்கப்பெறின் அவ்வாறே நிற்றல் வேண்டும்; இல்லையேல் இடைவெளியை முறைதோறும் இருமடங்காக்கி, சில முறை முயன்றபின் விட்டுவிடுதல் தகும்.

மறுப்பை வெற்று விடையாகக் கொண்டு செல்லும் நிரலால் நம் பட்டியலில் இடைவெளி விழும், விழுந்தமை தோன்றாது. அப்பட்டியலை நம்பி, ஒரு சொல் அத்தொகுப்பில் இல்லை என நாம் முடிவு கூறின், அது நம் விரைவினாற் பிறந்த பிழையாகும். ஏட்டிற் சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவர். நிரல் எழுதுவோரும் பெறாதவற்றைப் பெறாதவை எனத் தனியே குறித்துவைத்தல் கடனாம்.