காற்றும் பனியும் நடத்தும் கதைகள்

அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அதன் பிறகு மாலைப் பொழுதே கிடையாது. டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு துப்பறியும் நாவல் படிக்கிற பருவம் அது. அகதா கிறிஸ்டியின் புது நாவலைக் கிறிஸ்துமஸுக்கு முன்பு கடைக்குக் கொண்டுவருவதைக் காலின்ஸ் பதிப்பகம் பல ஆண்டுகள் வழக்கமாகவே வைத்திருந்தது.

இருட்டும் குளிரும் மர்மக் கதைக்குத் தோதானவை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நல்ல நாவல்களில் பருவம் வெறும் பின்னணியாக நிற்பதில்லை. கதையையே அதுதான் நகர்த்துகிறது.

ஜார்ஜ் சிமெனோனின் 'மஞ்சள் நாய்' (1931) நாவலைப் பாருங்கள். பிரான்ஸின் பிரிட்டனி கடலோரத்தில் கான்கார்னோ என்ற துறைமுக ஊர். நவம்பர் மாத வெள்ளிக்கிழமை இரவு, புயல் காற்று. ஹோட்டலிலிருந்து கிளம்பிய மது வியாபாரி ஒருவர் சுருட்டைப் பற்றவைக்கப் பார்க்கிறார், காற்று விடவில்லை. மறைவுக்காக, ஆளில்லாத ஒரு வீட்டின் வாசற்படியில் ஏறி நிற்கிறார். மறுகணம் தள்ளாடுகிறார். தூரத்தில் நிற்கும் சுங்கக் காவலர், போதை தலைக்கேறிவிட்டது என்று சிரிக்கிறார். உண்மையில், கதவிலிருந்த தபால் துவாரம் வழியாக அவர் வயிற்றில் குண்டு பாய்ந்திருக்கிறது. காற்று அடிக்காதிருந்தால் அவர் அந்தப் படியேறியிருக்கவே மாட்டார்.

1893-ல் ஷெர்லக் ஹோம்ஸைச் சாகடித்த ஆர்தர் கானன் டாயில், எட்டு ஆண்டு கழித்து அவரைத் திரும்பக் கொண்டுவந்த கதை 'பாஸ்கர்வில் வேட்டைநாய்'. 1901 ஆகஸ்டில் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் தொடராக ஆரம்பித்தது. டார்ட்மூர் பொட்டல்வெளியில் இலையுதிர்காலத்தில் நடக்கிறது. உச்சக் காட்சியில் ஹோம்ஸின் திட்டம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் சதுப்பு நிலத்திலிருந்து மூடுபனி வெள்ளைச் சுவராக நகர்ந்து வருகிறது. அது பாதையை மூடுவதற்குள் பாஸ்கர்வில் வாரிசான சர் ஹென்றி விருந்துக்குப் போன வீட்டிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். எதற்கும் அசராத ஹோம்ஸ் அங்கே தவிக்கிறார்.

கிறிஸ்டியின் 'ஹாலோவீன் பார்ட்டி'யில் (1969) ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வி எடுப்பது அந்த விருந்தில் ஒரு விளையாட்டு. ஒரு கொலையைக் கண்ணால் பார்த்ததாகப் பெருமையடித்துக்கொண்ட 13 வயதுச் சிறுமி, அந்தத் தண்ணீரிலேயே மூழ்கடிக்கப்பட்டுக் கிடக்கிறாள்.

இத்தனை பயங்கரத்தைப் படித்த பிறகும் மனம் ஏன் லேசாகிறது? யார், எப்படி, ஏன் என்ற மூன்று கேள்விகளுக்கும் கடைசியில் விடை கிடைத்துவிடுகிறது. நிஜ வாழ்க்கையில் பல சமயம் அது கிடைப்பதே இல்லை. தவிர, துப்பறிகிறவரும் நம்மைப் போலவே கதகதப்பைத் தேடுகிறவர். சிமெனோனின் துப்பறிவாளர் மெக்ரே, அலுவலகத்துக்குப் புதிய வெப்பமூட்டும் வசதி வந்த பிறகும் தன் பழைய கரி அடுப்பை விட்டுக்கொடுக்காதவர்.

நமக்கு இலையுதிர்காலம் இல்லை. அதே மாதங்களில் ஐப்பசி அடைமழை இருக்கிறது. முதலில் 'மஞ்சள் நாய்' எடுங்கள். சின்ன நாவல், ஒரே மூச்சில் முடிந்துவிடும். பாஸ்கர்வில் கதையில் 15 அத்தியாயங்கள். இரவுக்கு இரண்டு போதும். இடைவெளி விட்டுப் படித்தால்தான் தொடர்கதையின் திகில் ஏறும். முடிவை யார் சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.