செய்தி எட்டாத பிரதி

போனில் இடமில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பழைய படங்களை அழித்துக்கொண்டு வந்தாள் தங்கை. எல்லாம்தான் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏறியிருக்கிறதே என்ற தைரியம். வீடு வந்து பார்த்தால், பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் படங்கள் இருந்த ஃபோல்டர் அங்கேயும் காலி. "நான் போன்லதானே அழிச்சேன்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். அதே குழப்பம் கம்ப்யூட்டருக்கும் உண்டு. ஒரு படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, போனில் இல்லை. அப்படியென்றால் அது புதிதாக வந்த படமா, இனிமேல்தான் போனுக்கு அனுப்ப வேண்டுமா? இல்லை, போனில் அழித்த படமா, இங்கிருந்தும் எடுத்துவிட வேண்டுமா? இரண்டு பக்கத்தையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. காலி இடத்துக்கு வாய் கிடையாது.

ஆகவே, பல இடங்களில் பிரதி வைத்திருக்கும் அமைப்புகள் பலவும் அழிப்பதைக்கூட ஒரு குறிப்பாக எழுதி வைக்கின்றன: 'இங்கே இன்ன பெயரில் ஒரு கோப்பு இருந்தது, இன்ன நேரத்தில் போய்விட்டது.' பொறியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'டூம்ஸ்டோன்', கல்லறைக்கல். கல்லைச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் ஆபத்து. பல நாள் அணைந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டர் திரும்ப வந்து, அழித்த கோப்பைப் புதுக்கோப்பு என்று நினைத்து எல்லோருக்கும் பரப்பிவிடும். இப்படி எழுந்து வருவதை 'ஜோம்பி' என்றே சொல்கிறார்கள். கசாண்ட்ரா என்ற தரவுத்தளம், நாம் மாற்றாதவரை, இந்தக் கல்லை 10 நாளாவது காத்து வைக்கிறது.

அழித்த செய்தியை இவ்வளவு அக்கறையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நமக்கு வினையாகிறது. கை தவறி அழித்ததா, வேண்டுமென்றே அழித்ததா என்று, பிரதிகளை ஒன்றுபோல வைத்திருக்கும் 'சிங்க்' கேட்பதில்லை. வைரஸ் கெடுத்த கோப்பையும் அதே விசுவாசத்தோடு எல்லா இடத்துக்கும் அனுப்பும். பிரதிகள் எத்தனை இருந்தாலும், அவை ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே இருந்தால் ஒரே பிரதிதான்.

இந்தப் பாடம் கூகுளுக்கும் கிடைத்தது. 2011 பிப்ரவரி இறுதியில் சில ஜிமெயில் பயனர்களின் பெட்டிகள் திடீரென்று காலியாகின. சேமிப்பு மென்பொருளின் புதுப்பிப்பில் ஒரு பிழை. மெயில்களுக்குப் பல தரவு மையங்களில் பிரதிகள் இருந்தன. பிழை பல பிரதிகளையும் தொட்டுவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 0.02 சதவீதம் பேர் என்று நிறுவனம் அறிவித்தது. அவர்களைக் காப்பாற்றியது காந்த நாடா. இணைப்பில்லாமல் தனியே கிடந்ததால் பிழை அதை எட்டவில்லை. நாடாவிலிருந்து மீட்க நேரம் பிடித்தது. ஆனால் மீட்க அங்கே ஏதோ இருந்தது.

தங்கைக்குக் கைகொடுத்தது குப்பைத்தொட்டி. கூகுள் டிரைவ், ஐகிளவுட் டிரைவ் போன்றவை அழித்ததை 30 நாள் அதில் வைத்திருக்கும். கூகுள் டிரைவ் முன்பெல்லாம் நாமே காலி செய்யும்வரை வைத்திருந்தது. 2020 அக்டோபரில்தான் இந்தக் கெடு வந்தது. கெடு தாண்டினால் பொதுவாக மீட்க வழியில்லை. போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்குத் தனி வசதி இருக்கிறது. கூகுள் போட்டோஸில் 'இடத்தைக் காலியாக்கு' என்பது, ஏற்கெனவே பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். அழிக்கும் பொத்தான் வேறு, இது வேறு.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கிய 3-2-1 விதி ஒன்று உண்டு: பிரதிகள் 3, அவை 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். கிளவுட் வந்தபின் இதில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: ஒரு பிரதிக்காவது மற்றவற்றின் செய்தி எட்டக்கூடாது.

பாட்டியின் படங்கள் தொட்டியிலிருந்து திரும்பின. தங்கை அவற்றை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் முதல் வேலையாக வயரைப் பிடுங்கி, டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.