'எஸ்' போச்சு, மார்க்கும் போச்சு! சைனிக் பள்ளி தேர்வில் காலை வாரும் இங்கிலீஷ் இலக்கணம்

புதுக்கோட்டை,-

உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. ராணுவ அதிகாரியாகும் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு நல்ல வாசல். 67 சதவீத இடம் நம் மாநிலத்துக்கே.

6-ம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 9-ம் வகுப்புக்கு அந்தப் பேச்சே கிடையாது. கணக்கு, அறிவியல் கேள்வி கூட இங்கிலீஷ்தான். ஆலங்குடி, கந்தர்வகோட்டை பக்கம் தமிழ் மீடியத்தில் 8-வது படிக்கிற பிள்ளைக்கு இங்கேதான் முட்டுக்கட்டை.

ஏழு கேள்வி

மொத்தம் 400 மார்க். அதில் இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மார்க். ஒவ்வொரு பாடத்திலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் வாங்கியாக வேண்டும். (எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு இந்தக் கட்டு இல்லை). இங்கிலீஷில் 6 கேள்வி சரி என்றால் 12 மார்க். அரை மார்க்கில் அவுட்! 7 சரியாக வேண்டும். கணக்கில் 200-க்கு 200 வாங்கின புலிக்கும் இதே சட்டம்தான்.

தப்பு எங்கே?

தமிழில் போகிறேன், போகிறான், போகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். இங்கிலீஷில் நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வந்தால் மட்டும் 'எஸ்' ஒட்டும். அந்த ஒன்றைத்தான் பிள்ளைகள் விட்டு விடுகிறார்கள். 'மை மதர் குக்' என்று எழுதினால் தப்பு. 'குக்ஸ்'தான் சரி.

அடுத்தது 'டிட்'. இறந்த காலத்தை அதுவே சுமந்து விடும். பிறகு 'வென்ட்' எதற்கு? 'டிட் நாட் கோ' போதும். 'டிஸ்கஸ்' என்றாலே 'பற்றி'யும் அதற்குள் அடக்கம், 'அபவுட்' தேவையில்லை. வாத்தியார்களே இதில் சறுக்குவது உண்டு!

'எ', 'ஆன்' இரண்டும் தமிழில் இல்லாத சரக்கு. எழுத்தைப் பார்க்காதே, ஓசையைக் கேள். 'ஆன் அவர்', ஆனால் 'எ யூனிவர்சிட்டி'.

தடி தடியாக இலக்கணப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதை விட, தினமும் பத்து வாக்கியம் எழுதச் சொல்லி, எழுவாயையும் வினையையும் கோடு போட்டுப் பார்த்தால் பலன் அதிகம்.

தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். தெரியாத கேள்விக்கும் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கி விட்டுத்தான் வெளியே வர வேண்டும். சேருகிற வருஷம் மார்ச் 31 அன்று வயது 13 முதல் 15-க்குள் இருக்க வேண்டும்.