ஏது எது? – வாதத்தில் சான்றின் வேலை

என் பேத்தி சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் ராத்திரி புத்தகத்தோடு வந்தாள். "தாத்தா, இந்தப் பத்தியில இந்த வரி ஆதாரமா, முடிவா? குழப்பமா இருக்கு" என்றாள். அரிசி மண்டிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று எண்ண வேண்டாம். இதற்கான பாடம் நம் தமிழிலேயே இருக்கிறது.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக் கொடுக்கிறார். அது பௌத்த காப்பியம், நான் சமணன். ஆனால் தராசு யார் கடையில் இருந்தாலும் தராசுதானே! வாதத்தின் உறுப்புகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து. கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும். ஆகவே முதல் மூன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

"இந்த மலையில் நெருப்பு உண்டு" என்பது நிலைநாட்ட வேண்டிய செய்தி; அது பக்கம். "புகை தெரிவதால்" என்பது ஏது, அதாவது சான்று. "அடுக்களையைப் போல" என்பது திட்டாந்தம். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எந்த வரியைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கத் தோன்றுகிறதோ அது முடிவு. அந்தக் கேள்விக்கு விடையாக நிற்பது சான்று. முடிவு பத்தியின் தலையிலும் வரலாம், வாலிலும் வரலாம். இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

அடையாளம் கண்டால் மட்டும் போதாது, சான்று தன் வேலையைச் செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செய்யாத சான்றுக்கு ஏதுப் போலி என்று பெயர். தெரிவது ஆவியா பனியா என்ற சந்தேகம் தீருமுன்பே புகை என்று சொல்லிவிடுவது அசித்தம். முடிவுக்கும் அதன் எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்துவது அநைகாந்திகம். முடிவுக்கு நேர் எதிரானதையே நிறுவிவிடுவது விருத்தம்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே கடையில் தவறவிட்டேன். 1988 மே மாதம். நாக்பூர் வெயில் உங்களுக்குத் தெரியும். கிடங்கில் 75 கிலோ மூட்டைகளை மறு எடை போட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தது. சாவி வைத்திருந்தவன் ஊரிலிருந்து வந்த ஒரு பையன். "நீதான் எடுத்திருக்கே" என்றேன். அவன் அழவில்லை. "முதலாளி, சாவி எங்கிட்ட இருந்துச்சு. அவ்வளவுதானே உங்களுக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டான். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, என் சாவி மட்டுமே உள்ள இன்னொரு கிடங்கில் எடை போட்டேன். அங்கேயும் அதே குறைவு! ஈரப்பதம் 14 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரைக்கு இறங்கினாலே 75 கிலோ மூட்டையில் சுமார் ஒன்றேகால் கிலோ காற்றோடு போய்விடும். திருடன் வெயில். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன்; அவன் வரவில்லை.

சாவி இருந்தது உண்மை. ஆனால் திருடினாலும் சாவி அவனிடம்தான் இருக்கும், திருடாவிட்டாலும் அவனிடம்தான் இருக்கும். இது சுத்தமான அநைகாந்திகம்.

பாத்திரசுவாமி முதலிய சமண தர்க்க ஆசிரியர்கள் ஏதுவுக்கு ஒரே இலக்கணம் போதும் என்றார்கள்: அந்நியதாநுபபத்தி. முடிவு உண்மை இல்லையென்றால் இந்தச் சான்று இருக்கவே முடியாது என்ற கட்டாயம்தான் அது. ஒருத்திக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் கறுப்பு, ஆகவே வயிற்றில் உள்ளதும் கறுப்பாகத்தான் பிறக்கும் என்பது தர்க்க நூல்களில் வரும் பழைய எடுத்துக்காட்டு. உதாரணம் எத்தனை இருந்தாலும் அந்தக் கட்டாயம் இல்லை. எனவே அது சான்று ஆகாது.

பேத்தியிடம் இந்தக் கதையையும் சொன்னேன். "பரீட்சையில தப்பா விடை போட்டா மார்க்தான் போகும். உங்களுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அன்பர்களே, வீட்டிலோ கடையிலோ ஒருவர் மேல் பழி சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "அவர் செய்யாமல் இருந்திருந்தாலும் இது இப்படித்தானே இருக்கும்?" ஆம் என்று தோன்றினால், உங்கள் கையில் இருப்பது சான்று அல்ல, சந்தேகம்.