பௌலிங் ஆட்டத்தில் மூலைப் பின் நிற்பதைத் தவிர்த்தல்

டென்பின் பௌலிங் என்பது 10 பின்களை (மரக்கட்டைகளை) பந்தை உருட்டி வீழ்த்தும் உள்ளரங்க விளையாட்டு. கிரிக்கெட் பந்துவீச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1978 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இது முதன்முதலாக இடம்பெற்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சபீர் தன்கோட் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர்.

பின்களின் அமைப்பு

எல்லைக்கோட்டிலிருந்து முதல் பின் 60 அடி தொலைவில் இருக்கும். பின்கள் 1, 2, 3, 4 என நான்கு வரிசைகளில் முக்கோணமாக நிற்கும். கடைசி வரிசையின் இடது மூலையில் 7ஆம் பின்னும் வலது மூலையில் 10ஆம் பின்னும் உள்ளன.

மூலைப் பின் ஏன் நிற்கிறது?

வலக்கையர் 1, 3 பின்களுக்கு இடையே பந்தைச் செலுத்துவர். சரியான வீச்சில் பந்து 1, 3, 5, 9 ஆகிய நான்கை மட்டுமே தொடும். மற்றவற்றைப் பின்களே வீழ்த்தும். 3ஆம் பின் 6ஐத் தள்ள, 6ஆம் பின் 10ஐச் சாய்க்கும். இந்தக் கோணம் சிறிது பிசகினாலும் 10 நின்றுவிடும்.

திருத்தும் முறை

6ஆம் பின் எப்படி விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

* அது வேகமாகப் பறந்து 10ஐச் சுற்றிச் சென்றால், பிழை மிகச் சிறியது. தொடங்கும் இடத்தைச் சில அங்குலம் முன்னோ பின்னோ மாற்றினால் பந்து திரும்பும் இடமும் மாறும்.
* அது வலுவின்றி ஓரப் பள்ளத்தில் விழுந்தால், பந்தின் போக்கைப் பார்க்க வேண்டும். பந்து போதிய அளவு திரும்பாமல் வலப்புறம் விலகியிருந்தால், குறியை மாற்றாமல் சற்று வலப்புறம் நகர்ந்து நிற்கலாம். முன்னதாகவே திரும்பி வலுவிழந்திருந்தால், நிற்கும் இடத்தையும் குறியையும் இடப்புறம் நகர்த்தலாம். பொதுவாகத் தடத்தின் நடுவில் எண்ணெய்ப் பூச்சு அதிகம் என்பதால் பந்து தாமதமாகத் திரும்பும்.

இடக்கையருக்கு இவை அனைத்தும் இடம் வலம் மாறும். அவர்களுக்குச் சிக்கல் தருவது 7ஆம் பின்.

நின்றுவிட்டால்

10ஆம் பின்னுக்கு வலக்கையர் இடப்புறம் நின்று, தடத்தின் குறுக்காக, வளைவின்றி நேராக உருட்டுவதே பாதுகாப்பானது.

ஒவ்வொரு சுற்றிலும் முதல் பந்தில் 9 பின்களை வீழ்த்தி, எஞ்சிய ஒன்றைத் தவறவிடுபவர் 90 புள்ளிகளே பெறுவார். அந்த ஒன்றையும் ஒவ்வொரு முறையும் வீழ்த்தி, இறுதியில் கிடைக்கும் கூடுதல் பந்திலும் 9 எடுப்பவர் 190 பெறுவார். முதல் பந்துகள் ஒன்றே. மூலைப் பின் தரும் வேறுபாடு 100 புள்ளிகள்.